ஓடைப் பாலத்தில் நிற்கும் வண்டி

அக்டோபர் 6, திங்கள்

வண்டி நின்றுவிட்டது. ஓடைப் பாலத்தின் மேல், நல்ல வெயிலில். முதலில் ஓர் இழுப்பு. பிறகு ஒரு விக்கல். பிறகு காற்றாலைகளின் சத்தம் மட்டும்.

உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். சேலைக் கொசுவம் கிக்கரில் மாட்டிக்கொண்டது. கல்லூரியில் சேலைதான் கட்ட வேண்டும். அந்த விதியை எழுதியவர் எவரும் வண்டியை உதைத்திருக்கமாட்டார்.

பால் கேன்களோடு வந்தவர் நிறுத்தினார்.

"பெட்ரோல் இருக்கா?"

"நேத்துதான் போட்டேன்."

"இருக்கான்னு பாத்தீகளா?"

"நேத்துதாங்க போட்டேன்."

சாவியை வாங்கி டாங்க் மூடியைத் திறந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். வண்டியை ஆட்டினார். "கெடக்கு" என்றார். மூடினார். ஒரே உதை. கிளம்பிவிட்டது.

"பொம்பளப் பிள்ளைக்கு இது கனத்த வண்டி, தாயி. ஸ்கூட்டி வாங்கிக்கோங்க."

பாதி வகுப்பு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். துறைத்தலைவர் வராந்தாவில் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடியும். பாலம் தாண்டி, கருவேல மரத்துக்குப் பக்கத்தில்.

இந்த வண்டி என் கணவன் மதிவாணன் படிக்கும் காலத்தில் வாங்கியது. மதி ஷார்ஜாவில் இருக்கிறான். நான் ஜூனிலிருந்து அவன் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். கோவில்பட்டியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. இந்த ஊரின் முதல் பேருந்து, முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் அங்கே போய்ச் சேரும். ஆகவே வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. டிசம்பரில் யார் யாருக்குப் பணி நீட்டிப்பு என்று முடிவு செய்வார்கள். 'கௌரவ' என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

வீட்டில் அத்தை, சீனியம்மாள். மாமா, அய்யாத்துரை. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா என்னோடு பேசுவதில்லை. கோபத்தோடு பேசாமல் இருப்பதும் இல்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். நாங்கள் வேறு வேறு சாதி. மதுரையில் பதிவுத் திருமணம் நடந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து நான் அவருக்கு 'உள்ள இருக்கறவக'. மரியாதைப் பன்மை. அறியாதவர்களுக்குக் கொடுப்பது.

மாலையில் மூன்று பேரும் முற்றத்தில் இருந்தோம்.

"வண்டி எங்க நின்னுச்சுன்னு கேளு," என்றார் மாமா.

"வண்டி எங்க பிள்ள நின்னுச்சுன்னு கேக்குறாக," என்றார் அத்தை.

"கருவேல மரத்துக்கிட்ட, அத்தை."

"கருவேல மரத்துக்கிட்டயாம்."

"அங்க எதுக்கு நிக்கணும்?"

"அங்க எதுக்கு நிக்கணுமாம்."

"தெரியல அத்தை."

"அவளுக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. அடுப்புல பால் கெடக்கு, ஆள விடுங்க ரெண்டு பேரும்."

அத்தை எழுந்து போனார். தொடர்பு அறுந்தது. மாமா செய்தித்தாளை விரித்தார். அது காலையில் படித்து முடித்தது.

அக்டோபர் 9, வியாழன்

சாலமோன் பட்டறை. கல்லூரிக்கு எதிரில். சாலமோனுக்கு எல்லாம் தெரியும். பார்க்கும் முன்பே தெரியும்.

"பிளக்கு, டீச்சர். கரி புடிச்சுக் கெடக்கு."

பிளக்கை மாற்றினார். டாங்கைத் திறந்து பெட்ரோலின் நிறம் பார்த்தார். மோந்தும் பார்த்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டினார். அவர் முன்னால் வண்டி அப்படி ஒரு நல்ல பிள்ளை.

"இனிமே நின்னா எங்கிட்ட கேளுங்க."

அக்டோபர் 10, வெள்ளி

நின்றது. சாலமோனிடம் கேட்டேன். "அப்ப காயிலு," என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

அத்தை சிவகாசி கிளம்பினார். மகளுக்கு இது மாதம். குழந்தை பிறந்து, பதினாறு நாள் கழிந்துதான் வருவார்.

மூட்டை கட்டிக்கொண்டே பேசினார். அரிசி எந்தப் பானையில், மோர் மிளகாய் எந்த டப்பாவில். பூஜைக்கு வாங்கிய சந்தனப்பொடி அதற்குள் காலி, இந்த வீட்டில் எலி சந்தனமும் தின்கிறது, புதுசு வாங்கி வைக்க வேண்டும். மாமாவுக்கு ராத்திரி ரெண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். விலக்கில் அந்த பேங்க் பிள்ளை லாரியில் அடிபட்டதிலிருந்து மாமா சரியாகத் தூங்குவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார்.

விலக்கு என்பது எங்கள் ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் ஏறும் இடம். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. என்னைப் போல ஹெல்மெட் போட்டவள், என்னைப் போலக் காலையில் போகிறவள் என்று கேள்விப்பட்டேன். வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவதற்கு ஒரு காரணம் தேவையில்லை.

வாசலில் அத்தை நின்றார்.

"நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிருவீக?"

மாமா தூணைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இன்று வண்டி பாலத்துக்கு முன்பே நின்றது. நேற்று டாங்க் நிறையப் போட்டிருந்தேன். நிறையப் போட்டால் சீக்கிரம் நிற்கிறது. பசித்தால் நடந்து, சாப்பிட்டால் விழும் ஒரு விலங்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

மதி பேசினான்.

"வித்துருவோம் அருள். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அவரும் அதான் சொல்றாரு."

"நான் எதுல போறது?"

"கொஞ்ச நாள் வீட்ல இரேன். நான் வந்து பாத்துக்கறேன்."

கொஞ்ச நாள். அந்தச் சொல்லை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் விளிம்பு இல்லை.

அப்பாவும் மகனும் போனில் பேசிக்கொள்கிறார்கள். என் வண்டியைப் பற்றி. நான் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

மழை. போகும்போது அடித்தது, வரும்போதும் அடித்தது. நனைந்த வண்டி நிச்சயம் நிற்கும் என்று குடையும் எடுத்துக்கொண்டேன், நடப்பதற்கு.

நிற்கவில்லை. ஒரு விக்கல்கூட இல்லை.

என் ஆய்வேட்டில் காரண காரியம் பற்றி ஓர் இயல் முழுவதும் இருக்கிறது. அதை எழுதியவள் இப்போது, வண்டிக்கு மழை பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். நின்றது.

அக்டோபர் 17, வெள்ளி

சாலமோன் இப்போது கார்பரேட்டரில் இருக்கிறார். பிளக்கு, காயில், ஒயர் எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டார். "தண்ணி எறங்கியிருக்கும் டீச்சர்." மழையில் ஓடியது என்றேன். "அப்ப எறங்குன தண்ணி இப்ப வேலையக் காட்டுது," என்றார். இந்த ஆளை ஆய்வுக்குழுவில் போட்டிருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனிக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆண்கள் உதைத்தால் வண்டி கிளம்புகிறது. பால்காரர். ஆட்டுக்கிடை போடுகிறவர். இன்று காலையில் உரம் ஏற்றிவந்த டிராக்டர்க்காரர். எல்லோரும் ஒரே கேள்வி: "பெட்ரோல் இருக்கா?" எல்லோருக்கும் ஒரே பதில். எவரும் நம்புவதில்லை. திறக்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், மூடுகிறார்கள், உதைக்கிறார்கள். கிளம்புகிறது. சிரிக்கிறார்கள்.

நான் திறப்பதில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? நேற்றுதான் போட்டேன். எனக்குத் தெரியும்.

துறைத்தலைவர் கூப்பிட்டார். தன்மையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். "அருள்மொழி, உங்க வகுப்பு நல்லா இருக்குன்னு பிள்ளைங்க சொல்றாங்க. ஆனா வகுப்புல நீங்க இருக்கணும்ல? இன்னொரு தடவைன்னா நான் முதல்வருக்கு எழுதித்தான் ஆகணும்."

வீட்டுக்கு வந்து வண்டியைக் காலால் ஒரு எத்து எத்தினேன். முற்றத்தில் மாமா பார்த்தார். அத்தை இருந்திருந்தால் ஏதாவது கேட்கச் சொல்லியிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறைக் கதவுப் பக்கம் பார்த்து, யாருக்கும் இல்லாமல் சொன்னார்:

"வண்டிய மிதிக்கக் கூடாது."

நானும் யாருக்கும் இல்லாமல் சொன்னேன்: "வண்டியும் நிக்கக் கூடாது."

இதைப் பேச்சு என்று கணக்கில் எடுக்கலாமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. குளியலறைப் படியில் நல்லெண்ணெய்க் கிண்ணம், சூடாக. யார் வைத்தது என்று கேட்க ஆள் இல்லை. இந்த வீட்டில் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி நான்.

ஒரு பெட்டி மத்தாப்பு. இருவரும் கொளுத்தவில்லை.

அக்டோபர் 22, புதன்

இன்றைக்கு எழுதுவது நீளும்.

பாலத்தில் நின்றது. சாலையில் ஈ காக்கை இல்லை. உதைத்தேன், உதைத்தேன். இன்று தாமதமானால் கடிதம் போகும். அழவில்லை. கோபத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி ஓடைக்குள் எறியப் பார்த்தேன், பிறகு அதை எடுக்க இறங்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு அவர்களைப் போல் செய்தேன். வீம்புக்குத்தான். நடுச்சாலையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சத்தமாக, அந்தப் பால்காரரின் குரலில்:

"பெட்ரோல் இருக்கா?"

"நேத்துதான் போட்டேன்!"

"இருக்கான்னு பாத்தீகளா?"

சாவியைப் போட்டு மூடியைத் திறந்தேன்.

டாங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

ஸ்ஸ் என்று. வெளியே விடும் மூச்சு இல்லை. உள்ளே இழுத்த மூச்சு. வெகுநேரம் தண்ணீருக்குள் அமுங்கிக் கிடந்த ஒருத்தர் மேலே வந்து வாங்குவது போல.

மூடினேன். உதைத்தேன். ஒரே உதை.

அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். சாவித் துளைக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஓர் ஓட்டை இருக்க வேண்டும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. தலைகீழாய்ப் பிடித்த குப்பியில் தண்ணீர் திக்கி நிற்குமே, அது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம்தான், சீக்கிரமே நிற்கும். மழை பெய்தால் ஓட்டை கழுவிப் போகும், ஓடும். ஆண்கள் வந்தால், மூடியைத் திறப்பார்கள்.

அவர்கள் கை இல்லை. அவர்களின் நம்பிக்கையின்மை.

ஓட்டை இருந்த இடத்தில் சந்தனம். வட்டமாக, கனமாக, நடுவில் குங்குமம். ஆயுத பூஜையிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நான் தினமும் பார்த்தேன். சாலமோன் பார்த்தார், அவர் பட்டறையில் ஸ்பேனருக்கே பொட்டு இருக்கிறது. இந்த ஊரில் வண்டியில் இருக்கும் சந்தனத்தை எவர் கண்ணும் ஒரு பொருளாகப் பார்க்காது.

சேலைத் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். ஊக்கு எளிதாக இறங்கியது. நுனியில் ஈரமாக, மஞ்சளாக ஒட்டியது.

ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம். இடையில் மழை வேறு. சந்தனம் ஈரமாக இருக்கிறது.

வகுப்புக்கு மணிக்கு முன்பே போய்விட்டேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

விடிவதற்கு முன் எழுந்து சமையலறை ஜன்னல் அருகே நின்றேன். விளக்குப் போடவில்லை.

மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். முன்விளக்குக்கு ஒரு பொட்டு. நம்பர் பலகைக்கு ஒன்று. கடைசியில் டாங்க் மூடிக்கு, பெரியதாக, கட்டைவிரலால் அழுத்தி. பேருந்துக்குச் செய்த பழக்கம் இருக்க வேண்டும், அந்தக் கையில் யோசனையே இல்லை. பிறகு இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. என் பெயர் மாதிரி இருந்தது. இந்தத் தூரத்தில் எந்தப் பெயரும் அப்படித்தான் இருக்கும்.

விரலைத் தூணில் துடைத்துவிட்டு, செய்தித்தாளுக்குக் காத்திருக்க உட்கார்ந்தார்.

நான் தேநீர் போட்டேன். சர்க்கரை இரண்டு முறை போட்டுவிட்டேன் போல. அவர் முழுவதும் குடித்தார். குறை சொல்லவும் வழியில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். தெருமுனை திரும்பியதும் நிறுத்துகிறேன். ஊக்கால் குத்துகிறேன். போகிறேன். பொட்டு அப்படியே இருக்கிறது, நடுவில் ஓர் ஓட்டையோடு. வண்டி ஓடுகிறது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இப்படியே காலம் தள்ளலாம்.

இரவு மதியின் குறுஞ்செய்தி: ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருதாம். அப்பா ஏற்பாடு.

'வண்டி சரியாயிருச்சு,' என்று அனுப்பினேன்.

'அப்படித்தான் சொல்வ. நடு ரோட்டுல நின்னா?' என்று வந்தது.

காரணத்தைச் சொன்னால் போதும். சொல்லிப் பார்த்தேன், என் அறையில், எனக்கு: 'உங்க அப்பா வைக்கிற சந்தனம்தான்.' அது ஷார்ஜா போய், அங்கிருந்து முற்றத்துக்கு வந்து சேரும்போது என்னவாக இருக்கும்? ஒரு புகாராக இருக்கும். மருமகள் சொன்ன புகார். அவர் சந்தனத்தை நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி போகும். டிசம்பர் வரைகூட வேலை நிலைக்காது. 'கொஞ்ச நாள்' தொடங்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

வாங்க வந்தவர் பெயர் கொம்பையா. பக்கத்து ஊர். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை அமுக்கினார்.

"பொய் சொல்லி விக்க மாட்டேன்," என்றார் மாமா. "நின்னு நின்னுதான் போகும்."

"என்ன கோளாறு?"

"உள்ள இருக்கறவகளத்தான் கேக்கணும்."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். கொம்பையா என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லண்ணே. விக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"விக்க வேண்டாமாம்," என்றார் கொம்பையா மாமாவிடம்.

"ரோட்டுல நிக்கிற வண்டிய வச்சு என்ன செய்யன்னு கேளுங்க."

"என்ன செய்யன்னு…" கொம்பையா பாதியில் நிறுத்தினார். "ஏய்யா, ரெண்டு பேரும் இந்தா நிக்கீக. நடுவுல நான் எதுக்கு?"

கொம்பையா துண்டால் கழுத்தைத் துடைத்தார். மாமாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, கொம்பையாவையும் பார்க்கவில்லை.

"விலக்குல ஏறும்போது நின்னுச்சுன்னா? பின்னால வர்ற லாரிக்காரன் பிரேக்க அமுக்குவானா? முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன் சொல்லுதேன், அமுக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு அதான ஆச்சு? கேளுங்க!"

கொம்பையா கேட்கவில்லை. நான் படியிறங்கிப் போய்ச் சாவியைப் போட்டு மூடியைக் கழற்றினேன்.

"அண்ணே, பெட்ரோல் கீழ எறங்கணும்னா மேல காத்து போகணும். இந்த ஓட்டை வழியா. இது அடைச்சுக் கெடந்துச்சு. அதான் நின்னுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"எதனால அடைச்சுச்சு?"

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஊக்கைக் குத்தி எடுத்தேன், அவ்வளவுதான். கொம்பையா அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"அட, சந்தனம்! எந்தக் கூறுகெட்டவன்யா இதுல போயி சந்தனத்த அப்புனது?"

காற்றாலைகள் சுற்றின. முருங்கை மரத்தில் ஓர் அணில் கத்தியது. நிறுத்தாமல் கத்தியது.

"வண்டி விக்கல," என்றார் மாமா. "போயிட்டு வாங்க."

"வரச் சொன்னது நீங்கதானய்யா!"

"அதான் போகச் சொல்லுதேன்."

கொம்பையா போகும்போது வாசலில் ஏதோ முனகினார். அவருக்கு ஒரு தேநீராவது கொடுத்திருக்கலாம்.

மாமா என் கையிலிருந்த மூடியை எடுத்தார். அடிப்பக்கத்தை வாயில் வைத்து ஊதினார். காற்று வந்தது, மறுபக்கம் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"யாருகிட்ட மாமா?"

அவர் குழாயடிக்குப் போனார். மூடியை வெகுநேரம் கழுவினார். துண்டால் துடைத்து, மறுபடி ஊதிப் பார்த்து, டாங்கில் வைத்துப் பூட்டினார். சாவியை எப்போதும் ஜன்னல் விளிம்பில்தான் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். இன்று நீட்டினார். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். எனக்குத்தான் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

அக்டோபர் 27, திங்கள்

வண்டி நிற்கவில்லை. பாலம், கருவேல மரம், விலக்கு. டாங்க் மூடி பளபளவென்று இருந்தது, ஒரு துளி சந்தனம் இல்லை.

எல்லாச் சந்தனமும் என் ஹெல்மெட் கண்ணாடியில் இருந்தது. சரியாக நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு. அவசரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் சாலைக்கு நடுவே ஒரு மஞ்சள் நிலா. விலக்கில் எந்தப் பக்கம் லாரி வருகிறது என்று பார்க்கக் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்ட வேண்டியிருந்தது. கடைசியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கண்ணெல்லாம் புழுதியோடு போய்ச் சேர்ந்தேன்.

இந்த மனிதரை என்ன செய்வது?

அத்தை வர நாளாகும். மதியிடம் சொன்னால் சிரிப்பான். நாளைக் காலையில் நானே சொல்ல வேண்டும்.